மேடையில் ஓர் அரசமைப்புச் சட்டம்: ஹாமில்டன் கல்வித் திட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் உருவான வரலாற்றைப் பள்ளி மாணவர்கள் நாடக மேடை வழியாகப் படிப்பதற்கு அளிக்கப்பட்ட கொடைகளில் மிகுதியாகப் பேசப்பட்டது, நியூயார்க்கில் 2015ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஹாமில்டன் கல்வித் திட்டமாகும். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மலிவு விலையில் டிக்கெட் கொடுத்தார்கள் என்ற அளவிலேயே பலர் இதை அறிந்திருக்கிறார்கள். அந்த டிக்கெட்டைப் பெறுவதற்கு முன்பு மாணவர் என்ன படித்தார், என்ன எழுதினார் என்பதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது என்று கருதுவதால், அதை விரிவாகச் சொல்லும் வகையில் இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இந்தத் திட்டம் எப்படித் தொடங்கியது?

அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கையை ராப், ஹிப் ஹாப் இசையில் சொல்லும் 'ஹாமில்டன்' இசைநாடகத்தை லின் மேனுவல் மிராண்டா எழுதினார். அது 2015 பிப்ரவரியில் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நகரின் புகழ்பெற்ற நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயின் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கிலும் மேடையேறியது. சில மாதங்களிலேயே டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. 2016இல் சிறப்பு இருக்கை ஒன்றின் விலை 849 டாலர் வரை உயர்த்தப்பட்டது என்றால், நகரின் அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவர் அந்த அரங்கின் வாசலைக்கூட நெருங்க முடியாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தங்கள் நாட்டின் அரசமைப்புச் சட்டம் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லும் நாடகத்தை, அந்நாட்டின் பிள்ளைகளே பார்க்க முடியாமல் போவது சரியா என்ற கேள்வி எழுந்தது. நாடகத் தயாரிப்பாளர்கள், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, கில்டர் லேர்மன் அமெரிக்க வரலாற்று நிறுவனம், நியூயார்க் நகரக் கல்வித் துறை ஆகிய நான்கு தரப்பினரும் சேர்ந்து 2015 அக்டோபரில் திட்டத்தை அறிவித்தார்கள். மாணவர்களுக்கென்றே நடத்தப்பட்ட பகல் காட்சிகள் 2016 ஏப்ரலில் தொடங்கின.

பணம் யாருடையது? கணக்கு எப்படி?

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1913இல் நிறுவப்பட்ட பழைய அறக்கட்டளை. முதல் கட்டமாக அது 14.6 லட்சம் டாலர் வழங்கியது. நியூயார்க் நகரின் 20,000 மாணவர்கள் நாடகம் பார்க்க வேண்டும் என்பது இலக்கு. ஓர் இருக்கைக்கு 70 டாலர் என்று தயாரிப்பாளர்கள் விலை குறைத்துக் கொடுத்தார்கள். அதில் 60 டாலரை அறக்கட்டளை ஏற்றது, 10 டாலரை மாணவர் கட்டினார். 20,000 மாணவர்களுக்கு 60 டாலர் வீதம் கணக்கிட்டால் 12 லட்சம் டாலர் வரும். ஆக, கொடையின் பெரும்பகுதி இருக்கைக்கே போய்விட்டது. மிஞ்சிய பகுதி சிறியதுதான் என்றாலும், அதைப் போன்ற சிறு தொகைகளிலிருந்துதான் பாடப்பொருள்கள் உருவாகின்றன என்பதால் அதை அற்பமாக எண்ணிவிடக் கூடாது.

2016இல் அறக்கட்டளை மேலும் 60 லட்சம் டாலர் அறிவித்து, நாடகம் செல்லும் மற்ற நகரங்களுக்கும் திட்டத்தை விரிவாக்கியது. நாடு முழுவதும் மொத்தம் 1,00,000 மாணவர்களை எட்டுவது அந்த விரிவாக்கத்தின் நோக்கம்.

முழுவதும் இலவசமாகக் கொடுத்திருக்கலாமே, 10 டாலர் எதற்கு?

பத்து டாலர் தாளில் அச்சிடப்பட்டிருப்பது ஹாமில்டனின் முகம். ஒரு ஹாமில்டனைக் கொடுத்து ஹாமில்டனைப் பார்க்கலாம் என்ற நயம் அதில் இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு என்பது என் கருத்து. கையிலிருந்து ஒரு சிறு தொகையைக் கொடுத்தவர் அரங்கில் விருந்தாளியாக உட்காருவதில்லை, டிக்கெட் வாங்கிய பார்வையாளராக உட்காருகிறார். பெறுகிறவரின் தன்மானத்தைத் தொடாமல் கொடுப்பது கொடையின் மிகக் கடினமான பகுதி. இந்த ஏற்பாட்டில் அது ஓரளவு கைகூடியிருக்கிறது. அந்த 10 டாலர்கூட முடியாத வீடுகள் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. அத்தகைய மாணவருக்காக வேறொருவர் அதைச் சத்தமில்லாமல் கட்டிவிடுவதே முறை.

எந்தப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன? ஏன் 11ஆம் வகுப்பு?

வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் அரசுப் பள்ளிகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. அமெரிக்காவில் இவற்றை 'டைட்டில் ஒன்' பள்ளிகள் என்பார்கள். 1965ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் முதல் பிரிவின்கீழ் கூட்டாட்சி அரசின் கூடுதல் நிதி பெறுபவை அவை. நியூயார்க் மாநிலத்தில் அமெரிக்க வரலாறும் ஆட்சிமுறையும் 11ஆம் வகுப்புப் பாடம் என்பதால், அந்த வகுப்பு மாணவர்களுக்கு நாடகம் பாடத்தோடு பொருந்தியது.

நாடகம் பார்த்தால் அரசமைப்புச் சட்டம் தெரிந்துவிடுமா?

தெரியாது. இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவதே நேர்மை. 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியாவில் 55 பிரதிநிதிகள் கூடி விவாதித்து, 39 பேர் கையெழுத்திட்ட அந்த மாநாடு, நாடகத்தில் ஒரு பாட்டின் சில வரிகளில் கடந்துபோகிறது. சட்டத்தின் ஏழு பிரிவுகளும் எதைச் சொல்கின்றன என்பதை எந்தப் பாத்திரமும் வரிசையாக எடுத்துரைப்பதில்லை.

நாடகம் செய்வது வேறொன்று. இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை, ஒருவரையொருவர் நம்பாத மனிதர்கள் சண்டையிட்டுச் சண்டையிட்டு எழுதியது என்பதை அது உணர்த்துகிறது. வாஷிங்டனின் அமைச்சரவையில் ஹாமில்டனும் ஜெஃபர்சனும் மாநிலக் கடன்களைப் பற்றி மோதும் காட்சி ராப் போட்டியாக அமைந்திருக்கிறது. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடுவதைக் கேட்டிருப்பவர்களுக்கும், பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் அந்த வடிவம் அந்நியமாகத் தோன்றாது. எதிராளியின் வாதத்தை முழுவதும் காதில் வாங்கிக்கொண்டால்தான் பதில் பாட முடியும். மாணவரிடம் அந்தப் பழக்கம் வந்துவிட்டால், சட்டத்தின் எந்தப் பிரிவையும் அவர் தாமே படித்துக்கொள்வார்.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு போதும்: 2022இல் நடந்த தேசிய மதிப்பீட்டில், எட்டாம் வகுப்பு மாணவர்களில் 22 விழுக்காட்டினரே குடிமையியலில் தேர்ச்சி நிலையையோ அதற்கு மேற்பட்ட நிலையையோ எட்டினார்கள்.

வகுப்பறையில் மாணவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

திட்டத்தின் இதயம் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாடப்பகுதியை உருவாக்கியது கில்டர் லேர்மன் நிறுவனம். ரிச்சர்ட் கில்டர், லூயிஸ் லேர்மன் என்ற இரு கொடையாளர்கள் 1994இல் நிறுவிய அந்த அமைப்பிடம், அமெரிக்க வரலாற்றின் மூல ஆவணங்கள் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. கடிதம், துண்டறிக்கை, உரை, செய்தித்தாள் ஆகியவற்றை மாணவர்கள் நேரடியாகப் படிக்கிறார்கள். பிறகு அக்காலத்து மனிதர் ஒருவரையோ நிகழ்ச்சி ஒன்றையோ தேர்ந்தெடுத்து, தனியாகவோ சிறு குழுவாகவோ ஒரு ராப் பாட்டு, கவிதை, தனிமொழி அல்லது சிறு காட்சியைத் தாமே எழுதுகிறார்கள். நாடகத்தை எழுதியவர் ஆவணத்திலிருந்து எப்படிப் பாட்டை எடுத்தாரோ, அதையே மாணவரும் செய்து பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். 1774 நவம்பரில் சாமுவேல் சீபரி என்ற ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு, வெஸ்ட்செஸ்டர் விவசாயி என்ற புனைபெயரில், பிரிட்டனை எதிர்த்துக் கூடிய அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அவையைக் கண்டித்துத் துண்டறிக்கை வெளியிட்டார். நான் அடிமையாகத்தான் வேண்டுமென்றால் ஓர் அரசனுக்கு அடிமையாகிறேன், சட்டம் மதியாத திடீர்க் குழுக்காரர்களுக்கு ஆகமாட்டேன் என்றும், தின்னப்படுவதே விதியென்றால் சிங்கத்தின் வாயில் போகிறேன், எலிகளும் புழுப்பூச்சிகளும் கொறித்துச் சாகமாட்டேன் என்றும் அவர் எழுதினார். அப்போது கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஹாமில்டன் அடுத்த மாதமே அதற்கு மறுப்பு எழுதினார். 1775 பிப்ரவரியில் இரண்டாவது மறுப்பும் வந்தது. மனிதகுலத்தின் புனித உரிமைகளைப் பழைய தோல்சுவடிகளிலும் பூசணம் பிடித்த ஏடுகளிலும் துழாவித் தேட வேண்டியதில்லை, மனித இயல்பு என்னும் நூல் முழுவதிலும் இறைவனின் கையே அவற்றைச் சூரியக் கதிரால் எழுதியிருக்கிறது என்ற புகழ்பெற்ற பகுதி அந்த இரண்டாவது மறுப்பில்தான் வருகிறது.

நாடகத்தில் சீபரி ஒரு பெட்டியின்மேல் நின்று துண்டறிக்கையை வாசிக்க, ஹாமில்டன் அவருடைய சொற்களுக்கு ஊடாகவே புகுந்து பதில் பாடுகிறார். இரண்டு ஆவணங்களையும் படித்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்கும் மாணவருக்கு, எது அப்படியே எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது, எது புதிதாகச் சேர்க்கப்பட்டது என்பது தெளிவாகத் தெரிகிறது. சீபரியின் சிங்கமும் எலியும் பாட்டில் இல்லை. அவ்வளவு வலிமையான உவமை ஏன் விடப்பட்டது என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டாரானால், ஆசிரியர் அந்த வகுப்பில் வேறெதையும் நடத்த வேண்டியதில்லை. தோற்றுப்போன தரப்பின் எழுத்து நாடகத்தில் எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதை அவர் தாமாகவே கண்டுகொண்டார்.

அரசமைப்புச் சட்டத்தின் எந்தெந்தப் பகுதிகளை நாடகத்தோடு இணைத்துப் படிக்கலாம்?

மூன்று இடங்கள் மிகவும் வளமானவை.

முதலாவது, சட்டத்தை மாநிலங்கள் ஏற்குமா என்ற போராட்டம். சட்டத்துக்கு ஆதரவு திரட்ட எழுதப்பட்ட 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் ஹாமில்டன் 51, மேடிசன் 29, ஜான் ஜே 5 எழுதினார்கள். முதல் கட்டுரை 1787 அக்டோபர் 27 அன்று வந்தது. சிந்தித்துத் தேர்ந்தெடுத்து நல்லாட்சியை நிறுவ மனிதச் சமூகங்களால் முடியுமா, அல்லது தற்செயலுக்கும் வன்முறைக்குமே அவை என்றும் கட்டுப்பட்டிருக்க வேண்டுமா என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. அவ்வளவு எழுதியும் நியூயார்க் மாநிலத்தில் 1788 ஜூலை 26 அன்று சட்டம் 30க்கு 27 என்ற வாக்குகளில்தான் தப்பியது. மூன்று வாக்கு வித்தியாசம் என்பதை மாணவர்கள் கரும்பலகையில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வாஷிங்டனின் விடைபெறும் உரை. நாடகத்தில் ஹாமில்டன் வரைவை உரைநடையாக வாசிக்கத் தொடங்க, வாஷிங்டன் அதே வரிகளைப் பாட்டாக ஏந்திக்கொள்கிறார். 1796இல் வெளியான உரையின் சொற்களே அங்கே பாடப்படுகின்றன. ஒருவர் எத்தனை முறை குடியரசுத் தலைவராகலாம் என்பதற்கு மூலச் சட்டத்தில் எந்த வரம்பும் இல்லை. வாஷிங்டன் தாமாக விலகியது வழக்கமாயிற்று. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்றபோது அந்த வழக்கம் முறிந்தது. 1951இல் 22ஆவது திருத்தம் அதைச் சட்டமாக்கியது. எழுதப்படாத மரபு எப்போது எழுதப்பட்ட சட்டமாகிறது என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

மூன்றாவது, 1800ஆம் ஆண்டுத் தேர்தல். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். தலைவருக்கு எது, துணைத் தலைவருக்கு எது என்று பிரித்துக் குறிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் ஒரே கட்சியைச் சேர்ந்த ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றார்கள். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பிறகே ஜெஃபர்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹாமில்டன் பர்ருக்கு எதிராக ஜெஃபர்சனை ஆதரித்திருந்தார். அந்தக் குறையைத் தீர்த்த 12ஆவது திருத்தம் 1804 ஜூனில் நிறைவேறியது. அடுத்த மாதம், ஜூலை 11 அன்று, நியூஜெர்சியின் வீஹாக்கனில் நேருக்கு நேர் நடந்த துப்பாக்கிச் சண்டையில் பர் ஹாமில்டனைச் சுட்டார். மேடையில் துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் அரங்கு உறைந்துபோகிறது. சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டையும் அந்தப் பகையை வளர்த்தது என்பதைப் படித்துவிட்டு வந்த மாணவர், அந்தக் கணத்தைக் கூடுதல் துயரத்தோடு பார்ப்பார்.

காட்சி நாளன்று என்ன நடக்கிறது?

காலையில் பல பள்ளிகளின் மாணவர்கள் அரங்கை நிறைக்கிறார்கள். நியூயார்க் அரங்கில் ஏறத்தாழ 1,300 பேர். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தேர்வானவர்கள், தாங்கள் எழுதிய படைப்பை அதே மேடையில் ஏறி நிகழ்த்துகிறார்கள். அந்த அரங்கை முதன்முறையாகப் பார்க்கும் பதினாறு வயதுப் பிள்ளை, அன்று முதலில் அதை இருக்கையிலிருந்து பார்ப்பதில்லை, மேடையின் நடுவிலிருந்து விளக்கொளியில் பார்க்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அனைவரும் அதே ஆவணங்களைப் படித்தவர்கள் என்பதால், அந்தப் பாட்டின் ஒவ்வொரு குத்தலும் அவர்களுக்குப் புரிகிறது. அடுத்து நடிகர்களோடு கேள்வி பதில், மதிய உணவு, பிறகு முழு நாடகம்.

இந்த வரிசையை அமைத்தவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும். பிள்ளைகளின் படைப்பை நாடகத்துக்குப் பிறகு வைத்திருந்தால் அது பின்னிணைப்பாகத் தேங்கியிருக்கும்.

அடிமைமுறையை இந்த நாடகம் மறைக்கிறது என்ற விமர்சனம் சரியா?

பெருமளவு சரி. வெள்ளையரான, அமெரிக்காவை நிறுவிய தலைவர்களாகக் கறுப்பின, லத்தீன் அமெரிக்க நடிகர்கள் நடிப்பது, அரங்கிலிருக்கும் பல மாணவர்களுக்கு இந்த நாட்டின் கதையில் தங்களுக்கும் பங்குண்டு என்ற உணர்வைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அக்காலத்தில் வாழ்ந்த கறுப்பின மனிதர்கள் கதைமாந்தர்களாக ஏறக்குறைய இடம்பெறவே இல்லை என்று வரலாற்றாசிரியர் லைரா மொன்டேரோ 2016இல் எழுதினார். ஹாமில்டனின் மாமனார் ஃபிலிப் ஸ்கைலர் பலரை அடிமைகளாக வைத்திருந்தவர். மேடையில் அந்த வீட்டின் நடனமும் காதலும் மட்டுமே தெரிகின்றன.

ஆகவே வகுப்பறையில் அரசமைப்புச் சட்டத்தின் மூன்று பகுதிகளைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன்: அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிய விதி, 1808க்கு முன் அடிமை இறக்குமதியை நாடாளுமன்றம் தடைசெய்ய முடியாது என்ற விதி, தப்பியோடியவரை ஒப்படைக்கச் சொன்ன விதி. மூன்றிலும் அடிமை என்ற சொல் கிடையாது. 1865இல் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தபோதுதான் அந்தச் சொல்லே சட்டத்தில் முதன்முறையாக நுழைந்தது. நாடகம் விட்டதை ஆவணம் சொல்லும். அதனால்தான் டிக்கெட்டைவிட ஆவணம் முக்கியம் என்கிறேன்.

ஹாமில்டனை நாயகனாக்குவதால் மாணவர்கள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட மாட்டார்களா?

சாயக்கூடும். 1787 ஜூன் 18 அன்று பிலடெல்பியாவில் ஹாமில்டன் ஆறு மணி நேரம் பேசி, நன்னடத்தை உள்ளவரை ஆயுள் முழுவதும் பதவியிலிருக்கும் ஆட்சித் தலைவர் வேண்டும் என்றார். உரிமைச் சாசனம் தேவையில்லை, அது ஆபத்துகூட என்று 84ஆவது ஃபெடரலிஸ்ட் கட்டுரையில் வாதிட்டார். அந்தச் சாசனம் 1791 டிசம்பர் 15 அன்று நிறைவேறி, இன்று சட்டத்தின் மிகவும் போற்றப்படும் பகுதியாக நிற்கிறது. இந்த இரண்டையும் படித்த மாணவருக்கு நாயகனும் தவறக்கூடியவர்தான் என்பது விளங்கும்.

பெருந்தொற்றுக் காலத்தில் என்ன ஆயிற்று?

2020இல் அரங்குகள் மூடப்பட்டபோது, திட்டத்தின் பாடப்பகுதி இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப்பட்டு, பள்ளி எதுவானாலும் வீட்டிலிருந்தே படிக்கும் வாய்ப்பு வந்தது. எட்டிய தூரம் அதிகம். ஆயினும் உயிருள்ள நடிகர் முன்னால் மூச்சு வாங்குவதைத் திரையால் தர முடியாது.

இதே போன்ற கொடையை அளிக்க விரும்புவோர் எதைக் கவனிக்க வேண்டும்?

இருக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கொடையை அளக்கும் ஆசையைத் தவிர்க்க வேண்டும். எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்பது ஆண்டறிக்கைக்கு அழகான எண். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நேரமும் கிடைத்தன, பள்ளியிலிருந்து அரங்கிற்குப் பேருந்துச் செலவை யார் ஏற்றார்கள் என்பவை அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகின்றன. பணம் குறைவாக இருந்தால், இருக்கைகளைக் குறைத்துக்கொண்டு வகுப்பறை வாரங்களைக் கூட்டுவதே நல்லது. கொடையாளரின் அரசியல் எதுவாயினும், மாணவர் கையில் முழு ஆவணத்தைக் கொடுக்கும் திட்டத்தில் அவர் கருத்தைத் திணிப்பது கடினம். தொகுத்துச் சுருக்கிய கையேட்டை மட்டும் கொடுக்கும் திட்டத்தில் அது மிக எளிது.

பிராட்வே அளவுக்குப் பெரிய நாடகம்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. பிலடெல்பியாவில் 2003 ஜூலை 4 அன்று திறக்கப்பட்ட தேசிய அரசமைப்புச் சட்ட மையத்தில், ஒரே ஒரு நடிகர் வட்ட அரங்கின் நடுவில் நின்று இருபது நிமிடத்துக்குள் சட்டத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறார்.

அதைவிடவும் எளிய வடிவம் ஹைடி ஷ்ரெக் எழுதி, 2019இல் பிராட்வேயில் தாமே நடித்த நாடகத்தில் இருக்கிறது. பதினைந்து வயதில் அவர் முன்னாள் படைவீரர் சங்க மன்றங்களில் அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசிப் பரிசு பெற்று, அந்தப் பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டியவர். அவர் பேசிய அந்தப் போட்டியும் ஒருவகைக் கொடைதான். நாடகத்தின் இறுதிப் பகுதியில், நியூயார்க்கில் படிக்கும் பள்ளி மாணவி ஒருவர் மேடைக்கு வந்து, இந்தச் சட்டத்தை வைத்துக்கொள்வதா, நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுவதா என்று ஷ்ரெக்குடன் வாதிடுகிறார். பார்வையாளர்கள் கையில் சட்டத்தின் சிறு பிரதி கொடுக்கப்படுகிறது. யார் வென்றார் என்பதை அவர்களில் ஒருவர் எழுந்து சொல்கிறார்.